தளும்பும் குறிகை: பாய்வுமானிகளில் இரைச்சலும் பாதுகாப்பும்

குழாயினுள் ஓடும் நீரையோ எண்ணெயையோ நீராவியையோ கண்ணால் காண வழியில்லாத ஆலையில், ஓட்டம் எவ்வளவு என்பதை இயக்குநர் அறிந்துகொள்வது பாய்வுமானியின் வழியாக மட்டுமே. தொழிற்கூடங்களில் ‘ப்ளோ மீட்டர்’ என்றே வழங்கும் இக்கருவி, ஓட்டத்தின் வேகத்தை மின்னழுத்தமாகவோ மின்னோட்டமாகவோ மாற்றித் தருகிறது. அந்த மின்வடிவத்தைக் குறிகை என்பர். ஓட்டத்தால் விளையாமல் வேறு காரணங்களால் வந்து குறிகையோடு கலந்துவிடும் ஏற்ற இறக்கமே இரைச்சல். அது காதுக்குக் கேட்கும் ஒலியாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. கருவியியல் நூல்கள் இரைச்சலைத் துல்லியம் பற்றிய இயலிலும், பாதுகாப்பைத் தீ, வெடிப்பு, அவசர நிறுத்தம் ஆகியவற்றைப் பேசும் வேறோர் இயலிலும் வைப்பது வழக்கம். பாடம் நடத்த வசதியான இப்பிரிவினை, ஆலைக்குள் நுழைந்ததும் பொருந்தாமல் போகிறது. இரைச்சலை அடக்கக் கையாளும் வழிகள் பல பாதுகாப்பைக் குறைக்கின்றன. பாதுகாப்புக்கென்று செய்யும் ஏற்பாடுகள் சில இரைச்சலைக் கூட்டுகின்றன. இரைச்சலே இல்லாத குறிகையோ சில வேளைகளில் எல்லாவற்றையும்விடப் பெரிய இடராக முடிகிறது. இரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்கள் என்னும் நிலையிலிருந்து இத்துறையைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவண்ணாமலையைத் தொழில் நகரமாக எவரும் எண்ணுவதில்லை. ஆயினும் இவ்வட்டாரத்திலும் ஓட்டத்தை அளப்பது உயிரோடு தொடர்புடைய செயலாகவே இருக்கிறது. நகரின் குடிநீருக்கு ஆதாரமாக விளங்கும் சாத்தனூர் அணை, தென்பெண்ணையாற்றின் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 119 அடி. இத்தகைய நீர்த்தேக்கத்துக்குள் வந்துசேரும் நீரின் அளவு பெரும்பாலும் நேரடியாக அளக்கப்படுவதில்லை. நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தது, அதனால் கொள்ளளவு எவ்வளவு கூடியது, வெளியேற்றம் எவ்வளவு என்பவற்றைக் கொண்டு கணக்கிட்டு எடுக்கப்படுகிறது. இக்கணக்கில் இரைச்சல் நுழையும் விதம் வியப்பூட்டுவது. 20 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு நீர்த்தேக்கத்தில் காற்றால் எழும் அலை, மட்டக் கருவியின் அளவை ஒரு சென்டிமீட்டர் உயர்த்திக் காட்டிவிட்டால், அது 2 லட்சம் கன மீட்டர் நீராகக் கணக்கில் ஏறும். ஒரு மணி நேர இடைவெளியில் அதை வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 2,000 கன அடி என்னும் இல்லாத வரத்து தாளில் பிறந்துவிடும். இடைவெளியை 10 நிமிடமாகக் குறைத்தால் அதே அலை 12,000 கன அடியாகத் தோன்றும். இடைவெளியை ஆறு மணி நேரமாக நீட்டினால் அலை மறைந்துபோகும், ஆனால் உண்மையான வெள்ளமும் ஆறு மணி நேரம் தாமதித்தே தெரியவரும். ஃபெஞ்சல் புயலின் மழையால் 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அத்தகைய இரவில் சில மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய விலை என்பதைக் கீழ்நிலத்து ஊர்களே அறியும். துல்லியத்துக்கும் விரைவுக்கும் இடையிலான இந்தப் பேரம், அணையின் அளவிலிருந்து விரற்கடை அகலக் குழாய் வரை எல்லாப் பாய்வு அளவீட்டிலும் திரும்பத் திரும்ப வருகிறது.

மின்காந்தப் பாய்வுமானியின் வரலாறே இரைச்சலிடம் தோற்றதில்தான் தொடங்குகிறது. காந்தப்புலத்தின் குறுக்கே நகரும் கடத்தியில் மின்னழுத்தம் தோன்றும் என்னும் விதியைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே, 1832 சனவரியில் லண்டனின் வாட்டர்லூ பாலத்திலிருந்து தேம்ஸ் ஆற்றுக்குள் இரண்டு உலோகத் தகடுகளை இறக்கினார். பூமியின் காந்தப்புலத்தில் நகரும் ஆற்றுநீரே கடத்தியாக நின்று மின்னழுத்தம் தரும், அதிலிருந்து ஓட்டத்தின் வேகத்தை அறியலாம் என்பது எண்ணம். எண்ணம் சரியானது, ஆனால் தகடுகளின் பரப்பில் நிகழ்ந்த மின்வேதி மாற்றங்கள் உண்டாக்கிய மின்னழுத்தம், ஓட்டத்தால் எழுந்த நுண்ணிய மின்னழுத்தத்தை மூழ்கடித்துவிட்டது. நூறாண்டுக்குப் பின், 1941இல், சுவிட்சர்லாந்தின் பெனடிக்ட் சபைத் துறவி பொனவெந்துரா துர்லெமன் குழாயோட்டத்தை இம்முறையில் அளக்கும் வழியை வெளியிட்டார். 1950களில் அது விற்பனைக் கருவியாயிற்று. இன்று குடிநீர்த் திட்டங்களிலும் பால் பதப்படுத்தும் ஆலைகளிலும் சர்க்கரை ஆலைகளின் கரும்புச்சாற்றுக் குழாய்களிலும் மிகுதியாகக் காணப்படும் மின்காந்தப் பாய்வுமானி அதன் வழித்தோன்றல்.

இக்கருவியில் குழாயின் இருபுறமும் கம்பிச்சுருள்கள் காந்தப்புலத்தை உண்டாக்க, குழாயின் உட்பூச்சில் பதித்த இரண்டு மின்முனைகள் திரவத்தில் எழும் மின்னழுத்தத்தை எடுக்கின்றன. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் தருவது பெரும்பாலும் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. மின்முனைகளின் மின்வேதி அழுத்தமோ அதைப் போல் பல பத்து மடங்காக இருக்கக்கூடும். காந்தப்புலத்தை வீட்டு மின்சாரத்தைப் போல் மாறுதிசையில் இயக்கிப் பார்த்தபோது வேதி அழுத்தம் விலகியது, ஆனால் மாறும் புலம் கம்பிகளிலேயே தூண்டிய போலி மின்னழுத்தம் புதிதாக வந்து சேர்ந்தது. 1970களில் பரவிய தீர்வு, காந்தப்புலத்தைச் சிறு நேரம் ஒரு திசையிலும் பிறகு மறுதிசையிலும் நிலையாக வைத்து, புலம் நிலைத்த நொடிகளில் மட்டும் குறிகையைப் படித்து, இரண்டு வாசிப்புகளின் வேறுபாட்டை எடுப்பது. திசை மாறினாலும் மாறாத வேதி அழுத்தம் கழித்தலில் அடிபட்டுப் போகிறது.

எஞ்சி நிற்பது மின்வலையின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். ஒவ்வொரு வாசிப்பையும் சரியாக 20 மில்லிநொடி அல்லது அதன் மடங்கு நேரம் சேர்த்துக் கூட்டினால், ஒரு முழு அலையின் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று ஈடுசெய்து சுழியாகிவிடும். பல கருவிகளின் புலம் 50இன் முழுப் பின்னமான 6.25 அல்லது 12.5 ஹெர்ட்ஸில் மாறுவதன் காரணம் இதுவே. ஆனால் மின்வலை 50இல் உறுதியாக நிற்கும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய ஏற்பாடு இது. தென்னக மின்வலை நாட்டின் ஏனைய வலையோடு 2013 டிசம்பர் 31இல்தான் ஒத்திணைக்கப்பட்டது. அதற்கு முன்னர், குறிப்பாக 1990களில், அலைவெண் 50இலிருந்து வெகுவாக விலகி ஓடிய காலங்கள் உண்டு. ஐரோப்பிய ஆய்வகத்தில் அசையாமல் நின்ற கருவி தமிழ்நாட்டு நீரேற்று நிலையத்தில் ஊசலாடியதற்குக் கருவியைக் குற்றம் சொல்வது எப்போதும் நியாயமன்று. இன்று வலையின் அலைவெண் 49.90க்கும் 50.05க்கும் இடையில் இருக்கவேண்டும் என்பது விதி. அதற்கு மாறாக, மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணு இயக்கிகள் நீரேற்று நிலையங்களில் பெருகி, 50 ஹெர்ட்ஸோடு நில்லாத கிலோஹெர்ட்ஸ் இரைச்சலைக் குறிகைக் கம்பி செல்லும் அதே வடப்பள்ளத்தில் கொண்டுவந்து சேர்த்துள்ளன.

மின்காந்தப் பாய்வுமானியில் பாதுகாப்பு தொடர்பான முதல் எச்சரிக்கை, குழாய் காலியாகும்போது எழுகிறது. திரவம் இல்லாதபோது மின்முனைகள் வெற்றிடத்தில் தொங்கும் ஏரியல்போல் ஆகி, சுற்றுப்புறத்து இரைச்சலை எல்லாம் ஓட்டமாகக் காட்டக்கூடும். ஓட்டமே இல்லாத இடத்தில் நல்ல ஓட்டம் இருப்பதாக வரும் செய்தி, குளிர்நீர் நின்றுபோன கொதிகலனிலோ உலையிலோ என்ன செய்யும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆகவேதான் காலிக் குழாயைக் கண்டறியும் தனி மின்சுற்று இக்கருவிகளில் சேர்க்கப்பட்டது. அதை முறையாக அமைக்காமல், ‘அலாரம் தொந்தரவு’ என்று அணைத்துவைப்பது பல இடங்களில் நடைமுறை.

துளையின் அளவைக் கொண்டு ஓட்டத்தை நிர்ணயிப்பது தமிழகத்துக்குப் புதிதன்று; ஏரிகளின் குமிழித்தூம்பு துளையையும் நீர்மட்டத்தையும் நம்பியே நீரைப் பகிர்ந்தது. ஆலைகளில் இன்றும் பேரளவில் பயன்படும் ஆரிஃபிஸ் தகடு அதன் தொழிற்சாலை வடிவம் எனலாம். நடுவில் துளையுள்ள தகடு ஒன்றைக் குழாயில் செருகி, அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்தங்களின் வேறுபாட்டை இரண்டு மெல்லிய உணர்குழாய்கள் வழியாக அளந்தால், அவ்வேறுபாட்டின் வர்க்கமூலம் ஓட்டத்தின் அளவைத் தரும். இவ்வர்க்கமூலமே எல்லாச் சிக்கலுக்கும் ஊற்று. ஓட்டம் முழு அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது அழுத்த வேறுபாடு நூறில் ஒரு பங்காகிவிடுவதால், குறைந்த ஓட்டத்தில் குறிகை இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோகிறது. பாதுகாப்புக்கு வேண்டியதோ பெரும்பாலும் ‘ஓட்டம் குறைந்துவிட்டதா’ என்னும் கேள்விக்கான விடை. கருவி எங்கே மிகவும் வலுவிழக்கிறதோ அங்கேதான் அதன் சாட்சியம் தேவைப்படுகிறது.

இதைவிட நுட்பமான பிழை ஒன்றும் உண்டு. முன்பின்னாக இயங்கும் உலக்கைப் பம்பு தரும் துடிப்போட்டத்தில், பாதி நேரம் 50 அலகும் மறுபாதி நேரம் 150 அலகும் ஓட்டம் இருப்பதாகக் கொண்டால் உண்மைச் சராசரி 100. அழுத்த வேறுபாடுகள் முறையே 0.25, 2.25 என்னும் விகிதத்தில் நிற்கும். இரைச்சலை அடக்குவதாக எண்ணி முதலில் அவற்றைச் சராசரியாக்கிவிட்டு, கிடைத்த 1.25க்கு வர்க்கமூலம் எடுத்தால் விடை ஏறத்தாழ 112 ஆகிறது. துடிப்பு கூடக்கூட இல்லாத ஓட்டம் கூடிக்கொண்டே போகும். குளிர்விக்கும் திரவத்தை அளக்கும் இடத்தில் இது ஆபத்தான திசையில் நிகழும் பிழை. அமைதியான, நேர்கோடான, அழகான வரைபடமாக அது தோன்றுவது அதன் ஆபத்தை மேலும் கூட்டுகிறது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகப் பார்த்தால் போதும். ஓட்டத்தின் நடுவே நிறுத்திய தடையின் பின்னால் மாறி மாறிப் பிறக்கும் சுழல்களை எண்ணி வேகத்தைக் கூறும் சுழல் பாய்வுமானி, பம்பு நின்ற பிறகும் குழாயின் அதிர்வையோ 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலையோ சுழல் என்று எண்ணி ஓட்டத்தைக் காட்டுவது களத்தில் அனைவரும் அறிந்த நோய். ஓட்டத்தோடும் அதற்கு எதிராகவும் செல்லும் மீயொலியின் பயண நேரங்களை ஒப்பிடும் கருவியில், 100 மில்லிமீட்டர் குழாயில் நீர் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும்போது அளக்கவேண்டிய வேறுபாடு 100 நானோநொடிக்கும் குறைவு. அருகே பேரழுத்தத்தைக் குறைக்கும் கட்டுப்பாட்டு வால்வு ஒன்று இருந்தால் அதன் மீயொலி இரைச்சலே அளவீட்டை அழித்துவிடும். அதிரும் குழாயைக் கொண்டு நிறையை நேரே அளக்கும் கோரியோலிஸ் வகை மிகத் துல்லியமானதெனினும், திரவத்தில் வாயுக் குமிழிகள் கலந்தால் தடுமாறுகிறது.

இவை அனைத்தின் குறிகையும் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும் பொது வழி 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டம். சுழி ஓட்டத்துக்கு 0 என்றில்லாமல் 4 என்று வைத்ததில் ஒரு பாதுகாப்புச் சிந்தனை உள்ளது: கம்பி அறுந்தால் மின்னோட்டம் உண்மையிலேயே 0 ஆகிவிடும், எனவே ஓட்டமின்மையும் கம்பியின்மையும் வேறுவேறாகத் தெரியும். கருவி தன் கோளாறைத் தானே உணர்ந்தால் 3.6க்குக் கீழோ 21க்கு மேலோ சென்று அறிவிக்கவேண்டும் என்பது நாமூர் என்னும் ஐரோப்பியப் பயனர் அமைப்பின் பரிந்துரை. கோளாற்றில் கீழே விழுவதா மேலே எழுவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் சிறு பொத்தானைத் தவறாக அமைத்த இடத்தில், பழுதான கருவி ‘ஓட்டம் தாராளம்’ என்று அறிவித்துக்கொண்டிருக்கும்.

இரைச்சலை அடக்க எல்லாரும் முதலில் நாடுவது தணிப்பு, களத்தில் ‘டேம்பிங்’. குறிகையின் உடனடி மதிப்பை அப்படியே காட்டாமல், முந்தைய மதிப்புகளோடு கலந்து மெதுவாக நகர்த்துவதே தணிப்பு. ஒழுங்கற்ற இரைச்சலைப் பாதியாகக் குறைக்கத் தணிப்பு நேரத்தை நான்கு மடங்காக்கவேண்டும் என்பது புள்ளியியல் விதி. இதன் விலையைப் பின்வரும் கணக்கு காட்டும். எண்ணெயைச் சூடேற்றும் உலையின் குழாயில் ஓட்டம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் எரிபொருளை நிறுத்தவேண்டும் என்று அமைத்திருப்பதாகக் கொள்வோம். பம்பு திடீரென நின்று ஓட்டம் முழு அளவிலிருந்து சுழியாகும்போது, தணிப்பு ஒரு நொடியாக இருந்தால் கருவி 40ஐக் கடக்க ஒரு நொடிக்கும் சற்றுக் குறைவாகவே ஆகும். தணிப்பை 16 நொடியாக வைத்திருந்தால் ஏறத்தாழ 15 நொடி ஆகும். அந்த 15 நொடியும் தீ எரிந்துகொண்டிருக்க, கட்டுப்பாட்டு அறையின் திரையில் ஓட்டம் மெல்ல இறங்குவதாக மட்டுமே தோன்றும். கோளாறு தொடங்கியதிலிருந்து விபத்தாக முதிர்வதற்கு முன் கிடைக்கும் நேரத்தைச் செயல்முறைப் பாதுகாப்பு நேரம் என்பர். தணிப்பு அந்த நேரத்திலிருந்து கடன் வாங்குகிறது. தணிக்காமல் விட்டாலும் இடரே: இரைச்சலின் ஒரு பள்ளம் 40ஐத் தொட்டதும் ஆலை காரணமின்றி நின்றுவிடும், இரண்டு மூன்று முறை அப்படி நின்றபின் மேலிடத்து நெருக்கடியால் அந்த நிறுத்தமே ‘பைபாஸ்’ செய்யப்படும், அதாவது பாதுகாப்புச் சுற்று செயல்படாதபடி தாண்டிவிடப்படும். பைபாஸ் செய்த தொழிலாளியைக் குறை கூறும் விசாரணைகள், அவரை அதற்குத் தள்ளிய இரைச்சலைப் பற்றி ஒரு வரியோடு நின்றுவிடுவது இத்துறையின் குறைபாடு.

குறிகையைச் சுமக்கும் கம்பியே தீப்பொறிக்குக் காரணமாகலாம் என்னும் அச்சமும் பழையது. 1913 அக்டோபர் 14இல் வேல்ஸின் செங்கெனித் நிலக்கரிச் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 439 சுரங்கத் தொழிலாளர் மாண்டனர். மணியடித்துச் செய்தி அனுப்பும் மின்சுற்றின் பொறி காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அதையொட்டி நடந்த ஆய்வுகளே, எந்த நிலையிலும் வாயுவைப் பற்றவைக்கப் போதாத அளவுக்கு மின்னாற்றலைக் கட்டுப்படுத்தும் ‘உள்ளார்ந்த பாதுகாப்பு’ என்னும் முறைக்கு அடித்தளமிட்டன. இந்தியாவில் வெடிக்கும் வாயு சூழ்ந்த இடங்களில் பொருத்தும் கருவிகளுக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்னும் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு ஒப்புதல் வழங்குகிறது. இம்முறையில் அதிகம் பயன்பட்ட செனர் தடுப்பு, 28 வோல்ட்டு, 93 மில்லிஆம்பியர் போன்ற எல்லையை மீறும் ஆற்றலை நிலத்துக்குத் திருப்பிவிடுகிறது. ஆகவே அதற்கு ஓர் ஓமுக்கும் குறைவான தடையுள்ள எர்த் இணைப்பு கட்டாயம் வேண்டும்.

முரண் இங்கேதான் முற்றுகிறது. மின்காந்தப் பாய்வுமானிக்கும், தான் அளக்கும் திரவத்தோடு ஒன்றிய எர்த் இணைப்பு களத்திலேயே வேண்டும். களத்து எர்த்துக்கும் கட்டுப்பாட்டு அறையின் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டு வேறுபாடு இருப்பது இயல்பு. இரண்டும் ஒரே குறிகைக் கம்பியால் இணையும்போது அவ்வேறுபாடு கம்பியின் கவசத்தின் வழியே ஓடி 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாக வந்து சேர்கிறது. ஓர் எர்த்தைக் கழற்றினால் இரைச்சல் மாயமாக மறைந்துவிடும். கழற்றப்பட்டது செனர் தடுப்பின் எர்த்தாக இருந்தால், மறைந்தது இரைச்சல் மட்டுமன்று. இரண்டு சுற்றுகளையும் மின்தொடர்பின்றிப் பிரித்துவைக்கும் தனிமைப்படுத்திகள் செனர் தடுப்புகளின் இடத்தைப் பிடித்து வருவதற்கு விலையையும் மீறிய காரணம் இதுவே.

தமிழ்நாட்டில் இக்கேள்வியின் கடுமையான வடிவத்தைக் காண வேண்டுமானால் கல்பாக்கத்துக்குச் செல்லவேண்டும். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 1985 அக்டோபர் 18இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலைச் சோதனை உலையிலும், அதன் அருகே அமைந்த 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையிலும் வெப்பத்தை எடுத்துச்செல்வது உருகிய சோடியம். காற்றுப் பட்டால் எரிவதும் நீர் பட்டால் கடுமையாக வினைபுரிவதுமான இவ்வுலோகம் ஓடும் குழாயில், கருவிக்கென்று ஒரு துளையிடுவதே ஓர் அபாயம். ஜப்பானின் மொஞ்சு ஈனுலையில் 1995 டிசம்பர் 8இல் நேர்ந்தது இதற்குச் சான்று. இரண்டாம் சுற்றின் சோடியக் குழாயினுள் நீட்டிக்கொண்டிருந்த வெப்பமானியின் உறை, ஓட்டத்தால் பிறந்த சுழல்கள் உண்டாக்கிய அதிர்வில் ஒடிந்தது; ஏறத்தாழ 640 கிலோ சோடியம் கசிந்து எரிந்தது. சுழல் பாய்வுமானி எந்த இயற்பியலை நம்பி அளக்கிறதோ அதே இயற்பியல் அளவுக் கருவியை ஒடித்தது. அளப்பதற்காக நுழைத்த பொருள் தானே விபத்தின் வாயிலாகலாம் என்பது பாதுகாப்பு நூல்களில் போதிய இடம் பெறாத உண்மை.

சோடியம் மிகச் சிறந்த மின்கடத்தி என்பதால் கல்பாக்கத்தில் துளையிடாத வழி கிடைத்தது. துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்கு வெளியே நிலைக்காந்தத்தை வைத்து, குழாயின் வெளிச்சுவரிலேயே மின்முனைகளைப் பற்றவைத்தால் ஓட்டத்துக்கு ஏற்ற மில்லிவோல்ட்டுக் குறிகை கிடைக்கிறது. பல நூறு பாகை வெப்பத்தில் இருவேறு உலோகங்கள் சேரும் இடமெல்லாம் வெப்பமின்னழுத்தம் பிறந்து அக்குறிகையோடு கலக்கும் என்பதால், மின்முனைக்கும் அதன் கம்பிக்கும் குழாயின் எஃகையே பயன்படுத்தவேண்டியிருக்கிறது. காந்தம் காலப்போக்கில் வலுவிழப்பது இதன் குறை. ஆனால் வலுவிழந்த காந்தம் உள்ளதைவிடக் குறைந்த ஓட்டத்தையே காட்டும், ஆகவே பிழை எச்சரிக்கையின் பக்கம் சாய்கிறது. எந்தப் பக்கம் பிழைபடுகிறது என்பதை எவ்வளவு பிழைபடுகிறது என்பதற்கு முன்னே கேட்பது, பாதுகாப்புக் கண்ணோட்டத்தின் அடையாளம். முன்மாதிரி ஈனுலையில் முதற்சுற்றுப் பம்புகள் சோடியத் தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருப்பதால் வெளிக்குழாய் அளவீட்டுக்கு இடமில்லை. அங்கே சுழல்மின்னோட்டப் பாய்வுமானி பயன்படுகிறது. நடுச்சுருள் ஒன்று மாறுதிசைப் புலத்தை உண்டாக்க, இருபுறச் சுருள்களில் தோன்றும் மின்னழுத்தங்கள் சோடியம் நிற்கும்போது சமமாகவும், ஓடும்போது வேறுபட்டும் இருக்கும். உலையின் திறனுக்கும் ஓட்டத்துக்கும் உள்ள விகிதம் எல்லை மீறினால் உலை தானாக நிறுத்தப்படவேண்டும் என்பதால், இந்த மெல்லிய வேறுபாடு நேரே உலையின் நிறுத்தக் கைப்பிடியோடு இணைந்திருக்கிறது.

மொத்த ஓட்டத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் போதாது என்பதை அமெரிக்காவின் மிச்சிகனில் இயங்கிய ஃபெர்மி ஈனுலை 1966 அக்டோபர் 5இல் காட்டியது. உலையின் அடியில் பெயர்ந்த சிர்க்கோனியத் தகட்டுத் துண்டு ஒன்று சில எரிபொருள் தொகுப்புகளின் நுழைவாயிலை அடைத்தது. இரண்டு தொகுப்புகள் ஓரளவு உருகின. அன்று முதலில் தென்பட்ட அறிகுறி, நியூட்ரான் பெருக்க வீதத்தைக் காட்டும் குறிகை ஒழுங்கற்றுத் துடித்தது. அத்தகைய துடிப்பு முன்பும் மின் இரைச்சலாக வந்திருந்ததால் அது உடனே பொருட்படுத்தப்படவில்லை. கதிரியக்க எச்சரிக்கை ஒலித்த சில நிமிடங்களுக்குப் பின்பே உலை கையால் நிறுத்தப்பட்டது. பழகிய இரைச்சல் என்பது காவல்நாயின் ஓயாத குரைப்பைப் போன்றது. திருடன் வந்த இரவிலும் அது அதே குரைப்பாகத்தான் கேட்கும். தனித்தொகுப்பு ஒன்றின் அடைப்பு மொத்த ஓட்டத்தில் தெரியாது என்பதாலேயே, பிற்கால உலைகளில் ஒவ்வொரு தொகுப்பின் வெளிவாயிலிலும் சோடியத்தின் வெப்பநிலை கண்காணிக்கப்படுகிறது.

இரைச்சலைப் பகையாக மட்டும் கண்ட காலம் இதற்கிடையில் மாறியது. ஆலைக் குழாய்களில் ஓடும் பொருள் பெரும்பாலும் சீராக ஓடுவதில்லை; கொந்தளிப்பின் சிறுசுழிகள் குறிகையில் ஒரு நடுக்கத்தை உண்டாக்குகின்றன. அறியப்பட்ட தொலைவில் அமைந்த இரண்டு மின்முனை இணைகளில் ஒரே நடுக்கம் சிறிது காலம் தள்ளித் தோன்றுவதை ஒப்பிட்டு, அந்தக் காலத் தாமதத்திலிருந்தே வேகத்தைக் கணக்கிடலாம். காந்தத்தின் வலிமை இக்கணக்கில் நுழைவதேயில்லை என்பதால், குழாயிலிருந்து கழற்ற முடியாத சோடியப் பாய்வுமானியை நின்ற இடத்திலேயே சரிபார்க்க இது உதவுகிறது. கல்பாக்கத்து ஆய்வாளர்கள் இம்முறையைச் சோதித்துள்ளனர். ஆரிஃபிஸ் தகட்டின் உணர்குழாயில் சேறோ மெழுகோ படிகமோ அடைத்துக்கொண்டால், கடைசியாகச் சிறைப்பட்ட அழுத்தத்தையே கருவி காட்டிக்கொண்டிருக்கும். எண் நியாயமானதாகவே இருக்கும், நடுக்கம் மட்டும் இறந்திருக்கும். நிறைகுடம் தளும்பாது என்னும் பழமொழி இங்கே செல்லாது. தளும்பாத குறிகை பெரும்பாலும் நின்றுபோன குறிகையே. இன்றைய அழுத்தக் கருவிகள் சில, நடுக்கத்தின் அளவைத் தாமே கணக்கிட்டு, அது வழக்கத்துக்கு மாறாகக் குறைந்தால் அடைப்பு என்று எச்சரிக்கின்றன. அனுபவமுள்ள பழைய இயக்குநர்கள் மையெழுதும் வரைபடத் தாளில் கோடு ‘மெலிந்துவிட்டது’ என்று கண்டு உணர்குழாயை ஊதிச் சுத்தம் செய்யச் சொன்னதும் இதே அறிவுதான்.

மூன்று கருவிகளை வைத்து இரண்டின் முடிவை ஏற்கும் வாக்கெடுப்பு முறை, பொய்யான நிறுத்தத்தையும் தவறிய நிறுத்தத்தையும் ஒருசேரக் குறைப்பதால் பாதுகாப்பு அமைப்புகளின் முதுகெலும்பாகக் கருதப்படுகிறது. ஐஇசி 61508, 61511 ஆகிய பன்னாட்டுத் தரங்கள் அதற்குக் கணக்கு முறையையும் தருகின்றன. மூன்று கருவிகளும் ஒரே தகட்டில், ஒரே உணர்குழாய்த் துளையிலிருந்து கிளைத்தால், ஓர் அடைப்பு மூன்றையும் ஒன்றாக ஊமையாக்கும். ஒரே வடப்பள்ளத்தில் சென்றால் ஓர் இரைச்சல் மூன்றையும் ஒன்றாகப் பொய் சொல்ல வைக்கும். வாக்கு மூன்று, வாக்காளர் ஒருவர் என்னும் இந்நிலை, வரைபடத்தில் தெரிவதில்லை. குழாயைத் தொட்டுப் பார்த்தவருக்கே தெரியும்.

சோதனைக்கூடம் கருவிக்குத் தரும் சான்றிதழின் எல்லையும் இவ்வாறே. கேரளத்தின் பாலக்காட்டில் 1987இல் நிறுவப்பட்ட பாய்ம கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம், தமிழகத்துக்கு அண்மையில் உள்ள ஒரு பேரளவுப் பாய்வுமானிச் சோதனைக்கூடம். நீண்ட நேர்குழாய், நிலையான ஓட்டம், தூய எர்த் என்னும் சூழலில் அங்கே பெறும் 0.5 விழுக்காட்டுத் துல்லியம், வளைவுக்கு அடுத்த அடியில் பொருத்திய களத்துக் கருவிக்கு அப்படியே சொந்தமாகாது. நீண்ட குழாய்த்தொடரின் இரு முனைகளிலும் ஓட்டத்தை ஒப்பிட்டுக் கசிவைக் கண்டறியும் முறையில் துல்லியமே நேரடியாகப் பாதுகாப்பாகிறது: இரு முனைக் கருவிகளின் கூட்டு ஐயப்பாடு ஒரு விழுக்காடு என்றால், மணிக்கு 100 டன் செல்லும் குழாயில் மணிக்கு ஒரு டன் கசிவு இரைச்சலோடு இரைச்சலாக ஒளிந்துகொள்ளும். எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிக் கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அமோனியா கசிந்து, கரையோரக் குப்பங்களின் மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு வெளியேறியது இத்தகைய குழாய்களின் கண்காணிப்பு எவ்வளவு நுட்பமாக இருக்கவேண்டும் என்பதை நினைவூட்டுகிறது. மூக்கை எட்டும் அமோனியாவின் அளவு, எந்தப் பாய்வுமானியின் ஐயப்பாட்டையும்விடப் பன்மடங்கு சிறியது. அதனால் ஓட்ட ஒப்பீட்டோடு அழுத்த அலைக் கண்காணிப்பையும் வாயு உணரிகளையும் சேர்ப்பது தேவையாகிறது.

எண்முறைக் கருவிகளின் வரவு இச்சிக்கலை இடம் மாற்றியிருக்கிறது. முன்பு மின்னோட்டமாக வெளியே வந்து நடுங்கிய குறிகை, இப்போது கருவிக்குள்ளேயே வடிகட்டப்பட்டு, உச்சங்கள் நீக்கப்பட்டு, குறைந்த ஓட்டம் சுழியாக வெட்டப்பட்டு, மெருகேறிய எண்ணாக வருகிறது. கட்டுப்பாட்டு அமைப்பு அதை மீண்டும் ஒருமுறை தணிக்கிறது, திரையின் வரைபடம் மூன்றாம் முறை தணிக்கிறது. மூன்றின் கூட்டுத் தாமதத்தை ஒரே இடத்தில் எழுதிவைத்திருக்கும் ஆலைகள் அரிது. தணிப்பின் மதிப்பை மாற்றக் கையடக்கக் கருவியில் சில பொத்தான்களை அழுத்தினால் போதும். வால்வு ஒன்றைப் பூட்ட அனுமதிச் சீட்டு கேட்கும் ஆலையில் இதற்குச் சீட்டு கேட்பார் இல்லை. இரவுப் பணியில் ஒருவர் ஒரு நொடியை எட்டு நொடியாக்கிவிட்டுச் சென்றால், மறுநாள் காலை வருபவருக்குத் தெரிவது கோடு நேராகிவிட்டது என்பது மட்டுமே.